ஆமைக் கணினியின் கதை



சில வாரங்களுக்கு முன்னர், பள்ளி முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தந்தையொருவர் என்னைத் தேடி வந்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள். இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். அவர் கையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது.

"சார், மக படிக்கட்டும்னு சொந்தக்காரங்க கொடுத்தது. ஆமை மாதிரி நகருது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. புதுசுன்னா என் ஒரு மாசச் சம்பளம் போயிடும். என்ன சார் செய்யலாம்?" என்று கேட்டார்.

"அண்ணே, வச்சிட்டுப் போங்க. பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். அன்றிரவு அந்தக் கணினி மெல்ல மெல்ல விழித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வேறோர் ஆமைக் கணினியின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், இங்கிலாந்தில் ஹார்வெல் என்னும் இடத்தில் அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைந்தது. அணு ஆராய்ச்சி என்றால் கணக்கு, கணக்கு, மேலும் கணக்கு. அக்கணக்குகளை இளம் பணியாளர்கள் மேசைமேல் வைத்துக் கையால் சுழற்றும் கணக்கு யந்திரங்களைக் கொண்டு நாள் முழுவதும் போட்டு வந்தார்கள். அலுப்பூட்டும் வேலை. அலுப்பு வந்தால் பிழையும் வரும் அல்லவா? இந்தச் சுமையை யந்திரத்தின் தோளுக்கு மாற்ற வேண்டுமென்று குக்-யார்பரோ என்பவரும் அவருடைய தோழர்களும் 1949இல் ஒரு கணினியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 1951 ஏப்ரலில் அது முதன்முதலாக இயங்கியது.

அது இரண்டரை டன் எடையுள்ளது. இரண்டு மீட்டர் உயரமும் ஆறு மீட்டர் நீளமுமாக ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட மின்விசைகள் 480 அதில் இருந்தன. எண்களை நினைவில் வைத்துக்கொள்ள 'டெக்கட்ரான்' எனப்படும் கண்ணாடிக் குழாய்கள் 828 இருந்தன. ஒவ்வொரு குழாயிலும் வட்டமாகப் பத்து இடங்கள். சுழியம் முதல் ஒன்பது வரை. செம்மஞ்சள் நிற ஒளிப்புள்ளி ஒன்று எந்த இடத்தில் நிற்கிறதோ, அதுதான் அந்தக் குழாய் வைத்திருக்கும் எண். கணக்கு நடக்க நடக்க, நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள் மின்மினிகளைப் போல இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் வேகம்? இரண்டு எண்களைப் பெருக்க ஐந்து முதல் பத்து வினாடிகள் வரை பிடித்தது. அக்காலத்திலேயே அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கணக்கிடும் கணினிகள் இருந்தன. ஒரு முறை, கைக்கணக்கில் வல்லவரான பணியாளர் ஒருவர் தம் மேசை யந்திரத்தோடு அதன் அருகில் அமர்ந்து போட்டி போட்டார். ஏறத்தாழ அரை மணி நேரம் இருவரும் சமமாக வந்தார்கள். அதன் பிறகு மனிதர் களைத்து எழுந்து போய்விட்டார். யந்திரமோ நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

அந்த யந்திரத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. 1952 மே முதல் 1953 பிப்ரவரி வரை அது வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரம் வேலை செய்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலே, விடுமுறை நாள்களிலும் கணக்குப் போட்டது. ஆமையும் முயலும் ஓடிய கதையை நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே படித்துவிடுகிறார்கள். இந்தக் கணினி அந்த ஆமை. மெதுவான கணினி ஒன்று தன் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், அது நெடுநேரம் தானாக இயங்க வேண்டும், இயங்கும் நேரத்தில் பெரும்பகுதி பயனுள்ள வேலையாக இருக்க வேண்டும் என்பது குக்-யார்பரோ 1953இல் வகுத்த கருத்து. 'எவ்வளவு வேகம்?' என்பதைவிட, 'நமக்கு வேண்டிய வேலை முடிகிறதா?' என்பதே அவர் வைத்த அளவுகோல்.

நேயர்களே! அப்படிப்பட்ட உழைப்பாளியையும் 1957இல் ஹார்வெல் நிலையம் ஓய்வு பெறச் செய்தது. காரணம் என்ன? யந்திரம் பழுதாகவில்லை, கணக்குகள் வளர்ந்துவிட்டன. அதே குக்-யார்பரோவின் குழுவினர் 1955இலேயே டிரான்சிஸ்டரைக் கொண்டு இயங்கும் 'கேடட்' என்னும் புதிய கணினியை உருவாக்கிவிட்டார்கள். வேலை பெரிதாகிவிட்ட இடத்தில் பழைய கருவியைக் கட்டிக்கொண்டு அழுவதில் பொருளில்லை.

நம் தோட்டத்து வழக்கமும் இதுதானே? ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால்மரங்களை அழித்து மறுநடவு செய்கிறார்கள். மரம் பட்டுப்போனதாலா? இல்லை. மங்கில் விழும் பால் குறைந்து, செலவுக்கு ஈடு கொடுக்க முடியாமல் போவதால். அதே சமயம் மறுநடவு செய்கிறவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறார். புதுக்கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை வரவு இல்லை. புதியதற்கு விலை மட்டுமன்று, காத்திருப்பும் உண்டு.

மீண்டும் நம் கணினிக்கு வருவோம். ஹார்வெல் நிலையம் அதை உடைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடவில்லை. கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி நடந்தது. 'இந்தக் கணினியைக் கொடுத்தால் நீங்கள் அதை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?' என்பதே கேள்வி. சிறந்த விடையளித்து அதை வென்றது வோல்வர்ஹாம்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே அதற்குப் புதுப்பெயர் சூட்டினார்கள்: 'விட்ச்'. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிடைக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் சூனியக்காரி என்று பொருள்!

இங்கேதான் கதையின் சுவையான திருப்பம். ஹார்வெலில் குறையாக இருந்தது கல்லூரியில் நிறையாயிற்று. விரைவான கணினி கண்ணிமைப்பதற்குள் விடையைக் கொடுத்துவிடும். உள்ளே என்ன நடந்தது என்று மாணவனுக்குத் தெரியாது. இந்த ஆமைக் கணினியிலோ, எண் ஒவ்வொன்றும் ஒளிப்புள்ளியாக நகர்வதைக் கண்ணால் காணலாம். கூட்டலில் ஒன்று மிஞ்சி அடுத்த இடத்துக்குப் போவதையும் பார்க்கலாம். ஆசிரியனாகிய எனக்கு இதைவிட நல்ல பாடக்கருவி வேறு தோன்றவில்லை. 1957 முதல் 1973 வரை அது அங்கே மாணவர்களுக்குக் கணினிக் கலையைக் கற்பித்தது. விஞ்ஞானிகளிடம் அது உழைத்தது ஆறே ஆண்டுகள். மாணவர்களிடம் உழைத்தது பதினாறு ஆண்டுகள்.

அதன் பின்னர் அது பர்மிங்காம் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனது. 1997இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டபோது, கணினியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். பல ஆண்டுகள் கழிந்து, அதன் ஒரு பகுதி புகைப்படமொன்றில் தென்பட, ஆர்வலர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் பிளட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பொறுமையாகச் செப்பனிட்டு, 2012 நவம்பரில் மீண்டும் இயக்கினார்கள். இன்றும் இயங்கக்கூடிய அசல் மின்னியல் கணினிகளில் உலகிலேயே மூத்தது என்னும் பெருமை அதற்குக் கிடைத்தது.

இதற்கு மாறான வரலாறும் ஒன்று உண்டு. அதே 1951இல், இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம் 'லியோ' என்னும் கணினியைத் தன் அலுவலக வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கியது. 1954 முதல் அது தொழிலாளர்களின் சம்பளத்தைக் கணக்கிட்டது. அனுபவமுள்ள ஒரு கிராணி எட்டு நிமிடத்தில் போடும் ஓர் ஆளின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை வினாடியில் போட்டதாம்! அப்படிப்பட்ட லியோவுக்கும் 1965 ஜனவரியில் விடை கொடுத்தார்கள். அதன் வாரிசுகளான லியோ 2, லியோ 3 வந்துவிட்டன. சம்பளக் கணக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க முடியாத வேலை. அங்கே மூத்தவர் இளையவருக்கு வழிவிட்டதும் சரியே.

ஆக, ஒரே ஆண்டில் வேலையைத் தொடங்கிய இரு கணினிகளில் ஒன்று 1965இல் போயிற்று. அதைவிட மெதுவானது 1973 வரை நின்றது. ஏன்? வேகத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. யாருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மறுநாள் அந்தத் தந்தையும் மகளும் சேர்ந்து வந்தார்கள். "இதில் நீ என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன். "கட்டுரை தட்டச்சு செய்யணும் சார், பாடம் பார்க்கணும், ஆசிரியர் அனுப்புறதைப் படிக்கணும்" என்றாள். இந்த வேலைகளுக்கு அந்தக் கணினி போதும். அதை மெதுவாக்கியது உள்ளே சுழலும் பழைய வன்தட்டு. அதை எடுத்துவிட்டுச் சுழலும் பாகமில்லாத புதுவகைத் தட்டைப் பொருத்தினால் பெரும்பாலும் வேகம் கூடும். புதுக் கணினி விலையில் சிறு பங்குதான் செலவு.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டது. கதவு நன்றாகத் திறந்து மூடினாலும், பூட்டைப் பழுதுபார்க்க ஆள் இல்லையென்றால் ஆபத்துத்தானே? ஆகவே, "வங்கிக் கணக்கு, பணம் அனுப்புவது இதெல்லாம் இதில் வேண்டாம் அண்ணே. படிப்புக்கு மட்டும் இருக்கட்டும். இப்போதிலிருந்தே மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். இவள் எஸ்.பி.எம். முடித்து மேலே படிக்கப் போகும்போது, அந்தப் படிப்புக்கு என்ன கணினி வேண்டுமோ அதைப் பார்த்து வாங்கலாம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மகள் மட்டும், "சார், எங்க கணினிக்கும் சூனியக்காரின்னு பேர் வைக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாக வை என்றேன்.

நேயர்களே! பழையது என்பதற்காக எதையும் எறிந்துவிடவும் வேண்டாம். பழகியது என்பதற்காக எதையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். வேலை முடிகிறதா, பாதுகாப்பு இருக்கிறதா, பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகிறதா என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றால், மறுநடவுக்கு நிலத்தைத் தயார் செய்வதுபோல, பொறுமையாகத் தயாராகுங்கள்.