மடக்கெழுத்தாணி முதல் 'கிளிக்' பேனை வரை

ஒரு பேனையை 'நானே செய்தேன்' என்று ஒருவர் சொல்வதற்கு, அதன் பாகங்களில் எத்தனையை அவர் தம் கையால் செய்திருக்க வேண்டும்? இன்று உலகெங்கும் பொழுதுபோக்காகப் பேனை கடைவோர் பெருகியிருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் பாகங்கள் அடங்கிய பொதி ஒன்றை வாங்குகின்றனர். கூர்முனை, பித்தளைக் குழாய், கிளிப், உள்ளே இயங்கும் பொறி யாவும் அப்பொதிக்குள் இருக்கும். வாங்கியவர் செய்வது, ஒரு மரத்துண்டைத் துளைத்துப் பித்தளைக் குழாயின்மீது ஒட்டி, கடைசல் இயந்திரத்தில் உருட்டி, மெருகேற்றுவது மட்டுமே. இன்னொரு சிறு கூட்டத்தார் பொதியை முற்றாக ஒதுக்கிவிட்டு, ஒரு கோலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, புரிகளைக்கூடத் தாமே வெட்டிப் பேனை செய்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையிலான வழக்குப் புதியதன்று. நம்மவரின் எழுதுகருவி வரலாற்றில் அது நெடுங்காலமாகவே இருந்து வந்திருக்கிறது.

ஓலையில் எழுதிய காலத்தில் பொதி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. எழுத்தாணியைக் கொல்லன் உலையிலிருந்து முழுமையாக ஆக்கித் தந்தான். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அதில் வகைகள் இருந்தன. மடக்கெழுத்தாணியின் ஒரு புறத்தில் ஓலை வாரும் கத்தி, மறு புறத்தில் எழுதும் ஊசி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் ஒடுக்கிவிடலாம். மடியில் செருகினால் வயிற்றைக் குத்தாது, கூரும் மழுங்காது. எழுதும் முனையை வேண்டும்போது வெளியே எடுப்பதும், வேண்டாதபோது உள்ளே ஒளிப்பதும் ஆகிய இந்தத் தேவைக்குத்தான் இருபதாம் நூற்றாண்டு 'கிளிக்' பேனை என்ற விடையைக் கண்டது. நம் கொல்லன் அதற்கு ஒரு கீலைக் கொண்டு முன்னரே விடை கண்டிருந்தான்.

ஊற்றுப்பேனை வந்ததும் இந்த முழுமை குலைந்தது. 1884இல் லூயிஸ் வாட்டர்மன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு, பேனையின் உடல் பெரும்பாலும் எபனைற் என்னும் பொருளால் ஆனது. இயற்கை இறப்பரோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கந்தகத்தைச் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால், அது கருங்காலி மரம்போல இறுகிவிடும். மை அதை அரிக்காது. கடைவதற்கும் அது இணக்கமானது.

இந்த இறப்பரின் கதையில் இலங்கைக்குப் பெரும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அவற்றிலிருந்து 1,919 கன்றுகள், 38 கண்ணாடிப் பெட்டிகளில் கொழும்புக்கு அனுப்பப்பட்டன. அவை கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. அங்கிருந்துதான் ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பல கிளைத்தன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் பால் வெட்டப் போனவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். அவர்கள் எடுத்த பால் தாள்களாகக் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறியது. மேலைநாட்டு ஆலைகளில் அது என்னென்னவோ ஆயிற்று. பேனைகளும் அவற்றுள் அடங்கும். அதே துறைமுகம் வழியாகப் பேனைகள் திரும்பி வந்து, கோட்டைக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அமர்ந்தன. இலங்கைக் காரீயத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். உலகின் மிகத் தூய காரீயங்களுள் ஒன்று இந்நாட்டு மண்ணில் கிடைக்கிறது. ஆனால் மாணவர் கையிலிருந்த பென்சில் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டமும் அதை அடுத்து வந்த 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும், அந்த இறப்பர் பாலை எடுத்தவர்களில் மிகப் பலரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. அச்சட்டங்களில் கையொப்பமிடப் பேனைகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. எழுதுகருவியின் வரலாற்றைக் கைத்தொழிலின் வரலாறாக மட்டும் எழுதுவதற்கு என் மனம் ஒப்பாமைக்கு இதுவே காரணம்.

பேனையை நாமே செய்துவிட முடியாதா என்ற கேள்வியை முதலில் உரத்து எழுப்பியது சுதேசி இயக்கம். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கதர் நிதி திரட்டிய காந்தியடிகளின் குரல், ஆந்திரத்து ராஜமுந்திரியில் கே.வி. ரத்தினம் என்ற தொழிலாளியின் காதிலும் விழுந்தது. 1932இல் அவர் எபனைற் கோலைக் கடைந்து பேனை செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனை ஒன்று, தஞ்சையில் பிறந்த தமிழரும் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் தூணுமான ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியடிகளைச் சென்றடைந்தது. 1935 ஜூலை 16ஆந் தேதியிட்ட கடிதத்தில், அதைக் கொண்டு எழுதிப் பார்த்ததாகவும், கடைத்தெருவில் காணும் அந்நியப் பேனைகளுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் காந்தியடிகள் எழுதினார். அளந்து பேசுபவரின் அளந்த பாராட்டு அது.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு வேரூன்றியது. சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ நிறுவனத்தின் 'காமா' பேனைகளைத் தெரியாத பழைய எழுத்தாளர் குறைவு. திருவள்ளூரில் எம்.எஸ். பாண்டுரங்கன் 1970ஐ ஒட்டித் தொடங்கிய 'ரங்கா' பேனைகள், கையால் கடையப்பட்ட எபனைற் பேனைகளுக்காக உலகெங்கும் பெயர் பெற்றன. அட்டவணையில் உள்ளதை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல், கேட்பவரின் கைக்கேற்ற பருமனும் நீளமும் வைத்துக் கடைந்து தருவது இந்தப் பட்டறைகளின் தனிச்சிறப்பு.

கொழும்பில் இத்தகைய பேனைத் தொழில் பெரிதாக வேர்விடவில்லை. ஆனால் பேனைகள் இங்கே ஓயாது உழைத்தன. 1930இல் 'வீரகேசரி'யும் 1932இல் 'தினகர'னும் தோன்றிய பின், தமிழ்ப் பத்திரிகைத் தொழில் இந்நகரின் பெருந்தொழில்களுள் ஒன்றாயிற்று. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் அச்சுக்கோப்போரும் செய்தியாளரும் நெருங்கி வாழ்ந்தனர். நிப் வளைந்தால் நிமிர்த்தவும், மையூட்டும் நாக்கை வெந்நீரில் காட்டிச் சீராக்கவும், உடைந்த மூடிக்கு வளையம் போடவும் கை தேர்ந்தவர்கள் புறக்கோட்டை நடைபாதைகளில் இருந்தனர். சற்றே தள்ளிச் செட்டியார் தெருவில் பொற்கொல்லர்கள். தங்கத்தை நிப் வடிவில் வெட்டி வளைப்பது அவர்களுக்கு அரிய காரியமாக இருந்திராது. ஆனால் நிப்பின் நுனியில் தேயாமல் நிற்கும் அந்தக் கடினமான உலோகத் துளியைப் பொருத்துவது வேறு வித்தை. இன்றும் பொதியின்றிப் பேனை செய்வோரில் பெரும்பாலானோர் நிப்பை மட்டும் ஜெர்மனியிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ வாங்கத்தான் செய்கின்றனர்.

ஊற்றுப்பேனையின் ஆட்சியை முடித்துவைத்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பது எங்கள் தொழிலுக்குப் பெருமையா, பழியா என்று நான் அறியேன். புடாபெஸ்ற் நகரத்துச் செய்தியாளர் லாஸ்லோ பிரோ, அச்சு மை விரைவில் உலர்வதைக் கண்டு, அதுபோன்ற தடித்த மையில் எழுதும் குமிழ்முனையை உருவாக்கினார். வேதியியல் அறிந்த அவருடைய சகோதரர் துணைநின்றார். 1938இல் காப்புரிமை பெற்ற பிரோ, நாசிகளின் நிழலிலிருந்து தப்பி ஆர்ஜென்ரீனாவுக்குப் புலம்பெயர்ந்து, 1943இல் அங்கே திருத்திய வடிவத்துக்கு உரிமை பெற்றார். 1945 ஒக்டோபர் 29ஆந் தேதி நியூயோர்க்கில் ரெனோல்ட்ஸ் என்பவரின் குமிழ்முனைப் பேனை விற்பனைக்கு வந்தபோது விலை பன்னிரண்டரை டொலர். 1950இல் பிரான்சின் 'பிக்' அதைச் சில்லறைக் காசுக்குக் கொண்டுவந்தது. 1954இல் பார்க்கர் நிறுவனத்தின் 'ஜொட்டர்', தலையை அழுத்தினால் முனை வெளிவரும் பேனையைப் புகழடையச் செய்தது.

செய்தியாளனுக்கு இது சிறு வசதியன்று. ஒரு கையில் குறிப்பேடு. மறு கையில் பேனை. ஊற்றுப்பேனையின் மூடியைத் திறக்க இரு கைகளும் வேண்டும். கூட்டத்தின் நடுவே நெரிபடும்போதும், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போதும் கட்டைவிரலின் ஓர் அழுத்தம் போதும் என்பது பெரும் விடுதலை.

அந்த அழுத்தத்துக்குள் நிகழ்வது அழகானது. பேனையின் உட்சுவரில் ஆழமான பள்ளங்களும் ஆழமற்ற நிறுத்தங்களும் மாறிமாறி அமைந்திருக்கின்றன. அவற்றுக்குள் சாய்ந்த பற்களையுடைய ஒரு சிறு சக்கரம். குமிழை அழுத்தினால் சக்கரம் சுவரின் பிடியைத் தாண்டி இறங்கும். கையை எடுத்ததும் கீழிருந்து சுருள்வில் தள்ள, சாய்வின் வழியே அது ஒரு படி திரும்பும். இம்முறை நிறுத்தத்தில் அமர்ந்தால் முனை வெளியே நிற்கும். அடுத்த முறை பள்ளத்தில் விழுந்தால் முனை உள்ளே போகும். மின்னும் இல்லை, எண்ணும் கருவியும் இல்லை. ஆயினும் அப்பொறி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேயிருக்கிறது.

பொதியின்றிப் பேனை செய்பவருக்கு இங்கேதான் சோதனை. உடலைக் கடைந்துவிடலாம், மூக்கில் இரண்டரை மில்லிமீற்றர் அளவில் துளையிடலாம். துளை தளர்ந்தால் முனை ஆடி, எழுதும்போது தட்டும், இறுகினால் சிக்கிக்கொள்ளும். பார்க்கர் வகை மைக்குழல் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் நீளம். அந்த நீளத்தோடு சுருள்வில்லுக்கும் பொறிக்கும் இடம் கணக்கிட்டே உடலின் உட்குடைவைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்தப் பற்சக்கரத்தைச் சாதாரணக் கடைசல் இயந்திரத்தில் ஒருவர் தாமே ஆக்குவது மிகக் கடினம். ஆகவே அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஷ்மிட் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் விற்கும் முழுமையான பொறியை வாங்கி, அதன் புரிக்கு ஏற்பத் தம் பேனையின் மேற்பகுதியில் புரி வெட்டிப் பொருத்துவது. ஓசை மென்மை; உழைப்பும் உறுதி. அது பழுதானால் கழற்றி வேறொன்று போடலாம். இரண்டாவது, பழைய பேனை ஒன்றின் பொறியை எடுத்துப் புதிய உடலில் வைப்பது. செலவு குறைவு, ஆனால் அளவுகள் பேனைக்குப் பேனை வேறுபடும், அது உடைந்தால் அதே அளவில் மற்றொன்று கிடைப்பது அரிது. மூன்றாவது, பற்சக்கரத்தையே கைவிட்டு, துப்பாக்கித் தாழ்ப்பாளைப் போல் உடலில் வளைந்த காடி வெட்டி, ஒரு சிறு ஆணியை அதில் நகர்த்திப் பூட்டுவது. சுருள்வில்லையும் மைக்குழலையும் தவிர ஏனைய அனைத்தையும் ஒருவர் தம் அரத்தாலும் துரப்பணத்தாலும் செய்துவிடக்கூடிய வழி அது ஒன்றே. மடக்கெழுத்தாணி செய்த கொல்லன் இன்றிருந்தால், இந்த மூன்றாவது வழியைத்தான் தேர்ந்திருப்பான் என்பது என் துணிபு.

பாகம் கிடைக்காதபோது கையால் ஆக்கிக்கொள்வதை இந்நாட்டார் விளையாட்டாகக் கற்கவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் பழுது பார்ப்பவரே பெருமகன். 1959இல் பென்சில் கொம்பனியாகத் தொடங்கிய 'அட்லஸ்' போன்ற உள்ளூர் நிறுவனங்கள் மாணவரின் பைகளை நிரப்பின. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார், ஜாம் போத்தலில் விளக்கேற்றினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அங்கே எந்தப் பொதியும் வரவில்லை. உள்ளதைக் கொண்டு இல்லாததைச் செய்தார்கள்.

1983 ஜூலையில் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் தொழிலகங்களும் எரிந்தன. எரிந்தவற்றில் சரக்கின் பெறுமதியை மதிப்பிடலாம். பட்டறையை இழந்து நாட்டைவிட்டுச் சென்ற ஒருவரின் கையில் இருந்த வித்தையை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர்களிற் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வேறு வேலைகளுக்குப் போயினர். அவர்களுடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தவை பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை.

எனவே 'நானே செய்தேன்' என்று சொல்ல எத்தனை பாகங்கள் வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணிக்கையால் விடை கூற நான் விரும்பவில்லை. ரத்தினத்தின் பேனைக்கான இறப்பரை அவர் வெட்டவில்லை. பிரோவின் குமிழை அவர் மட்டும் உருவாக்கவில்லை. ஒரு பாகம் பழுதானால் அதைத் திறந்து, காரணம் கண்டு, மாற்றவோ திருத்தவோ ஒருவரால் முடியுமானால், அந்தப் பேனை அவருடையது. திறக்கவே முடியாதபடி ஒட்டப்பட்டு, மை தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் பேனை, எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் நம்முடையது ஆகாது.

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் இன்று சில பத்து ரூபாய்க்குக் 'கிளிக்' பேனை ஒன்று கிடைக்கும். கடைசல் இயந்திரம் இல்லாதவரும் அதை வாங்கிக் கழற்றிப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகள் அருகில் இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். சுருள்வில் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போகும். தேடி எடுத்து மறுபடி பூட்டட்டும்.