பேராக் ஆற்றிலிருந்து வீட்டுக் கூரைக்கு



கோலா கங்சார் என்றதும் நம் நினைவுக்கு வருவது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று முதுமரமாக இன்றும் நிற்கிறது. அதே வட்டாரத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது மின்சாரத்தின் வரலாறு. வெளிச்சம் எங்கே பிறந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மலாயாவின் மின்சாரக் கதையில் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் காணப்படுகிறது. பத்துமலைக் கோயிலோடு சேர்த்து நாம் நினைவுகூரும் தம்புசாமிப் பிள்ளையும், அவருடைய கூட்டாளி லோக் யூவும் 1894இல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின் இயந்திரத்தை நிறுவினார்கள். 1900ஆம் ஆண்டில் ரவூப் தங்கச் சுரங்கத்திற்காகச் செம்பாம் ஆற்று நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். இரண்டுமே சுரங்கத்திற்காக வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேராக்கிலும் அப்படியே நடந்தது. 1926இல் பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி தோன்றியது. கோலா கங்சார் மாவட்டத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய செண்டெரோ அணையின் மின் நிலையம் 1930இல் இயங்கத் தொடங்கியது. மேலிருந்து விழும் நீர் சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. கம்பி வழியே மின்சாரம் பாய்கிறது. அந்தக் கம்பிகள் கிந்தா பள்ளத்தாக்கை நோக்கி ஓடின. ஈயம் வாரும் கப்பல்கள் அதனால் இயங்கின; ஈப்போ நகரத்தில் விளக்குகள் எரிந்தன.

தோட்டத்து லயங்களின் நிலை என்ன? மண்ணெண்ணெய் விளக்குத்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போனதும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியதும் நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ரப்பர் ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் இயந்திரம் வைத்து வெளிச்சம் கொடுத்த தோட்டங்கள் உண்டு. லயத்திற்கும் கொடுத்த இடங்களில் மாலையில் சில மணி நேரம் எரியும். பிறகு இயந்திரம் நிற்கும், படித்துக்கொண்டிருந்த பிள்ளை புத்தகத்தை மூடும். ஆறு பக்கத்தில் ஓடியும் ஏன் இந்த நிலை? கம்பி இழுக்கப் பணம் வேண்டும்; மின்சாரத்தை நிறைய வாங்குபவனுக்கே கம்பெனி அதை விற்கும். அன்றாடக் கூலி பெறும் குடும்பம் அந்தக் கணக்கில் இடம் பெறவில்லை.

நிலைமை மெல்லவே மாறியது. 1949இல் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. செண்டெரோவுக்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் அணைகள் எழுந்தன. பேராக் கம்பெனியை 1982இல் தேசிய வாரியம் ஏற்றுக்கொண்டது. 1990இல் அந்த வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. அதே 1990இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று கூறிற்று. செண்டெரோ இயங்கத் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழிந்த பிறகு!

இன்று வீட்டுக் கூரையிலேயே மின்சாரம் பிறக்கிறது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. நம் நாட்டில் 2011இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. வீட்டில் எஞ்சும் மின்சாரத்தைப் பொதுக் கம்பிக்கு அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு 2016இல் தொடங்கியது. அதன் விதிகள் அவ்வப்போது மாறுவதால், தகடு போடுமுன் நடப்பு விதியைக் கேட்டறிய வேண்டும்.

ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் தரும். மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓடச் சுமார் 15 யூனிட் போதும். அதாவது, நான்கு கிலோவாட் தகட்டின் ஒரு நாள் விளைச்சலில் கோலா கங்சாரிலிருந்து ஈப்போவுக்குப் போய் வந்துவிடலாம். ஆனால் பகலில் கார் வேலைத்தலத்தில் நிற்கும். வெயிலோ வீட்டுக் கூரையில் காயும். ஆகவே பொதுக் கம்பியோ சேமிப்பு மின்கலமோ நடுவில் வேண்டியிருக்கிறது.

மின்சாரக் கார் புதுமை அன்று. 1900ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் பெட்ரோல் காரோடு அதுவும் போட்டியிட்டது. மலிவு விலையால் பெட்ரோல் கார் வென்றது. அதன் சக்கரத்திற்காகவே நம் பாட்டனும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். இப்போது பழைய காரின் எஞ்சினையும் பெட்ரோல் தொட்டியையும் கழற்றிவிட்டு, மின் மோட்டாரும் மின்கலமும் பொருத்துகிறார்கள். முடியக்கூடிய வேலைதான். ஆனால் மின்கலத்தின் எடையைத் தாங்க பிரேக்கும் ஸ்பிரிங்கும் சரிபார்க்கப்பட வேண்டும். நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பி கவனக்குறைவை மன்னிக்காது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதும் குற்றமாகும்.

நேயர்களே, வரலாறு இங்கே நமக்கு ஒன்றைச் சொல்கிறது. ஆறு இருந்தும் அணை நம்முடையதாக இல்லை. அதனால் வெளிச்சம் அறுபது ஆண்டுகள் சுற்றி வந்தது. வெயில் எல்லோருக்கும் பொது, ஆனால் கூரை? தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர் வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டியவர். பிறர் கூரையில் அவர் எதைப் பதிப்பார்? ஆகவே சூரியத் தகட்டைப் பற்றி எண்ணுமுன் சொந்த வீட்டைப் பற்றி எண்ண வேண்டும். வீட்டுத் திட்டம் எதுவாயினும், பத்திரம் யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளில் ஒருவரையாவது மின்தொழில் படிக்க வையுங்கள். கூரையும் தொழிலும் நம் கையில் இருந்தால், இனி வரும் வெளிச்சத்திற்கு நாம் அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.