மூன்று நாற்காலிகள்: 1855ஆம் வருஷத்துச் சித்திரவதைக் கமிஷனும் ‘சிவிலியன்’ என்ற சொல்லும்

பெசன்ட் நகர்க் கடற்கரையை எலியட்ஸ் பீச் என்கிறோம். சாயங்காலம் அங்கே சுண்டல் தின்கிற யாரும் இந்த எலியட் யாரென்று கேட்பதில்லை. எட்வர்ட் எலியட் சென்னைப் பட்டணத்தின் தலைமை மாஜிஸ்திரேட். கூடவே போலீஸ் சூப்பரின்டெண்டெண்டும் அவர்தான். பிடிப்பவரும் விசாரிப்பவரும் ஒருவரே என்பதில் அந்தக் காலத்துக் கம்பெனி சர்க்காருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. 1854இல் சென்னை ராஜதானியில் அரசு ஊழியர்கள் மக்களைச் சித்திரவதை செய்வதாகப் புகார் எழுந்து ஒரு கமிஷன் போட வேண்டிவந்தபோது, அதில் உட்கார வைக்கப்பட்ட மூன்று பேரில் முதலாமவர் இந்த எலியட். போலீசைப் பற்றிய விசாரணைக்கு ஒரு போலீஸ் அதிகாரி. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இன்றைய வாசகர் கேட்டால், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

கமிஷன் வெளிக்கொண்டுவந்த கொடுமைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதிகாரத்தைக் கண்காணிக்க வந்த இடத்தில் யார் யாருக்கு நாற்காலி கிடைத்தது, யார் வாசலில் நின்றார்கள் என்கிற சின்ன விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1816ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகளின்படி ஜில்லா போலீஸ் முழுக்க ரெவின்யூ இலாகாவின் கையில் போயிற்று. கலெக்டரே மாஜிஸ்திரேட். தாசில்தாரே தாலுகா போலீசுக்குத் தலைவர். கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும். அதாவது காலையில் கிஸ்தி கேட்டு வாசலில் நிற்கிற அதே சேவகன்தான் சாயங்காலம் திருட்டுக் கேசில் பிடித்துக்கொண்டு போகவும் வருகிறான். அவன் அடித்தால் தாசில்தாரிடம் சொல்லணும். தாசில்தார்தான் அவனை அனுப்பியவர். அவருக்கு மேலே போனால் கலெக்டர். வரி வசூல் குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். புகார் மேலே ஏற ஏற அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துசேர்கிற மாதிரி கட்டப்பட்ட அமைப்பு இது. கெட்ட ஆட்கள் நாலு பேர் இருந்ததால் வந்த வினை என்று இதைச் சொல்லிவிட முடியாது.

இந்த வட்டத்தை உடைத்துப் புகாரை வெளியே எடுத்துப் போனவர் ஒரு வியாபாரி. கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1844இலிருந்து ‘கிரெசென்ட்’ பத்திரிகையை நடத்தியவர். 1852இல் சென்னை சுதேசி சங்கத்தைத் தொடங்கியவர். 1853இல் பார்லிமெண்ட் உறுப்பினர் டான்பி ஸீமர் சென்னைக்கு வந்தபோது ரயத்துகளின் நிலைமையை நேரில் காணச் செய்ததில் செட்டியாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விஷயம் வெடித்தது. செப்டம்பரில் கமிஷன். முதலில் வரி வசூலில் நடக்கும் சித்திரவதையைப் பற்றி மட்டும் விசாரிக்கச் சொன்னார்கள். போலீஸ் பிற்பாடு சேர்ந்துகொண்டது.

இப்போது நாற்காலிகள். எலியட்டைச் சொல்லியாயிற்று. நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவருடைய போலீஸ் பட்டணத்துப் போலீஸ், புகார்களோ வெளி ஜில்லாக்களைப் பற்றியவை. தன் ஆட்களைத் தானே விசாரித்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்ட முடியாது. இரண்டாமவர் எச். ஸ்டோக்ஸ், கம்பெனியின் சிவில் சர்வீஸ்காரர், கலெக்டர்களின் ஜாதி. மூன்றாமவர் ஜான் புரூஸ் நார்ட்டன், பாரிஸ்டர். இவர் ஒருவர்தான் கொஞ்சம் வேறு மாதிரி. சென்னை ராஜதானியின் நிலைமையைக் கண்டித்து ராபர்ட் லோவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அதே 1854இல் அச்சிட்டு வெளியிட்டிருந்தார். போலீஸ், ரெவின்யூ, வக்கீல். அடிபடுகிறவர்களின் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. இந்தியர் என்று பார்த்தாலும் ஒருவர் இல்லை. செட்டியாருக்கே நாற்காலி கிடையாது.

இருந்தும் ஜனங்கள் வந்தார்கள். ஜில்லாக்களில் அறிவிப்புப் போட்டு, புகார் வாங்க மூன்று மாசம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கமிஷன் பட்டணத்தை விட்டு நகரவில்லை. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர், எழுதி அனுப்பியவர்கள் 1,440. ஆகமொத்தம் 1,959 புகார். ரயில் ஓடத் தொடங்காத காலத்துச் சென்னை ராஜதானி இது. விதைப்பையும் அறுப்பையும் போட்டுவிட்டு நூற்றுக்கணக்கான மைல் வந்து, வெள்ளைக்காரர் மூவர் முன்னால் நின்று, இன்னார் என்னை இப்படிச் செய்தார் என்று சொல்லிவிட்டு அதே ஊருக்கு, அதே தாசில்தாரின் ஆளுகைக்குத் திரும்பிப் போக வேண்டும். 519 என்ற எண்ணை இந்தத் தூரத்தோடும் இந்தத் திரும்பிப்போதலோடும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அவர்கள் சொன்னதில் இரண்டு தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் ஆங்கில அறிக்கைக்குள் நுழைந்துவிட்டன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலையோ தொடையையோ வைத்து நெருக்குவது. பெண்களின் மார்பையும் விடவில்லை. மற்றது அண்ணாந்தாள்: உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி, அப்படியே வெயிலில் மணிக்கணக்காகப் போட்டுவிடுவது. அண்ணாந்தாள் திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளிலும் உண்டு என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். வாத்தியாரிடமிருந்து தாசில்தாருக்குப் போயிற்றா, கச்சேரியிலிருந்து திண்ணைக்கு வந்ததா என்று நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் எந்தக் கருவியும் வெளியிலிருந்து இறக்குமதி ஆகவில்லை. ஒரு கயிறு, ரெண்டு கட்டை, வெயில். இவற்றுக்கு இலாகா பட்ஜெட் எதற்கு?

அடுத்து வந்த திருப்பத்தை, மன்னிக்கணும், கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 1855 ஏப்ரலில் வந்த அறிக்கை சித்திரவதை நடக்கிறது, பரவலாக நடக்கிறது என்று ஒத்துக்கொண்டது. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். எந்த அரசும் சுலபத்தில் எழுதிக் கொடுக்கிற வாக்கியம் அல்ல அது. கையோடு, பழி முழுவதும் கீழ்மட்டச் சுதேசி ஊழியர்கள் மேல் இறக்கப்பட்டது. வெள்ளைக்கார அதிகாரிகளை ஜனங்கள் நம்புகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் சொந்த நாட்டாரின் கொடுமையிலிருந்து பாதுகாப்புத்தான் என்று அறிக்கை முடிவு கட்டியது. 1856 ஜனவரியில் சுதேசி சங்கம் அனுப்பிய மனு இதைத்தான் பிடித்துக்கொண்டது. கமிஷன் பட்டணத்திலேயே, அதுவும் மூணே மாசம், உட்கார்ந்திருந்தது. ஊரைவிட்டு வர முடிந்தவர்கள் மிகச் சிலர். தீமையின் வேர் வரி வசூலிக்கும் முறையிலேயே இருப்பதை அது தேடிப் போகவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களைக் கூப்பிட்டு, உங்கள் மேலதிகாரிகளுக்கு இது எவ்வளவு தூரம் தெரியும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்காணிப்பைக் கண்காணித்த முதல் ஆவணங்களில் ஒன்றாக இந்த மனுவைச் சொல்லலாம். 1857 செப்டம்பர் 17இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் மார்க்ஸ் எழுதிய கட்டுரை இந்த மனுவையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறது. சித்திரவதை ஒரு நிதி ஏற்பாடாகவே இருப்பதை ஒப்புக்கொள்கிறார்கள், பிரிட்டிஷ் அரசைக் காப்பாற்றும் விதத்தில் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது அவருடைய வாசிப்பு. சிப்பாய்களின் கொடூரத்தைப் பற்றி லண்டன் பத்திரிகைகள் கதறிக்கொண்டிருந்த மாசம் அது.

சங்கத்தின் மனுவையும் நாம் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. அது வியாபாரிகளும் நிலமுள்ளவர்களும் கூடிய சங்கம். கமிஷன் கேட்டது அரசு ஊழியர் செய்த வன்முறையைப் பற்றி. மிராசுதார் தன் பண்ணையாளைக் கட்டி வைத்து அடித்தால் அது கமிஷனின் வரம்புக்குள் வராது. சங்கத்துக்கும் அது கவலை இல்லை. வரி கட்டுகிறவனின் முதுகு 1855இல் ஆவணத்துக்குள் வந்தது. வரி கட்ட நிலமே இல்லாதவனின் முதுகு வரவில்லை.

விசாரணையின் பலன் என்ன? போலீசை ரெவின்யூவிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற யோசனை வலுப்பட்டது. 1859ஆம் வருஷத்து 24ஆம் சட்டத்தால் சென்னை ராஜதானிக்குத் தனிப் போலீஸ் இலாகா, ஐரிஷ் கான்ஸ்டாபுலரியின் சாயலில், வில்லியம் ராபின்சன் தலைமையில் உருவாயிற்று. 1861இல் இந்தியப் போலீஸ் சட்டம். ஜனங்கள் கேட்டது அடியிலிருந்து பாதுகாப்பு. கிடைத்தது சீருடையும் டிரில்லும் சொந்தமாக ஒரு படிநிலையும் கொண்ட போலீஸ். நம் காவல் நிலையம் சித்திரவதை விசாரணைக்குப் பிறந்த பிள்ளை என்று சொன்னால் மிகையில்லை. ஒரு நல்லது நடந்தது: 1861ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று எழுதினார்கள். அது 1872இல் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாகி, 2023ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. சட்டமே போலீசை நம்பவில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி நம்மிடம் குறைவு.

‘சிவிலியன்’ என்ற சொல்லுக்கு வருவோம். நியூயார்க்கில் 1966இல், போலீஸ்மேல் வரும் புகார்களைப் பார்க்கும் வாரியத்தில் மூன்று போலீஸ் அதிகாரிகளோடு வெளியாட்கள் நான்கு பேரை மேயர் லிண்ட்ஸே சேர்த்தார். போலீஸ் சங்கம் கொதித்தெழுந்து பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ 63 சதவீத வாக்கில் அதை ஒழித்துக்கட்டியது. போலீஸ்காரர் யாரும் உறுப்பினராக இல்லாத வாரியம் அங்கே அமைய 1993 ஆயிற்று. அங்கே சிவிலியன் என்றால் போலீஸ் அல்லாத ஆள்: பள்ளிக்கூட வாத்தியார், பாதிரியார், தெருக்காரர். நம் ஊரில் அந்தச் சொல்லின் பூர்வ அர்த்தம் வேறு. சென்னை ராஜதானியில் சிவிலியன் என்றால் சிவில் சர்வீஸ்காரர், கலெக்டர் துரை, ஸ்டோக்ஸ். ஆகவே ‘போலீஸ்மேல் சிவிலியன் கண்காணிப்பு’ என்று நாம் சொல்லும்போது நம் அரசின் காதில் விழுவது ‘கலெக்டர் பார்த்துக்கொள்வார்’ என்பதுதான்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 2006 செப்டம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ்மேல் வரும் புகார்களுக்கு மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் தனி ஆணையம் வேண்டும், தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். திரும்பவும் மூன்று நாற்காலி. ஸ்டோக்ஸுக்கு ஒன்று, எலியட்டுக்கு இரண்டு. நார்ட்டனுக்கு இருந்த இடமும் போயிற்று. கம்பெனிக்காரன் தந்ததைவிட ஒரு வெளியாள் குறைச்சல். நீதிபதியே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இந்தக் கணக்கு உறுத்துகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனையும் மகனையும் போலீஸ் பிடித்துப்போனது. அடுத்தடுத்து இருவரும் செத்துப்போனார்கள். நியாயம் தேடப்பட்டது இந்த ஆணையத்தின் வழியாக அல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தடயங்கள் அழியாமலிருக்க அந்தக் காவல் நிலையத்தையே ரெவின்யூ அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. 1859இல் தாசில்தாரிடமிருந்து பிடுங்கப்பட்ட போலீஸ், கொஞ்ச நாளைக்குத் தாசில்தாரிடமே திரும்பிப் போன மாதிரி.

விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் அந்த நிலையத்திலேயே அவமதிக்கப்பட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று அவர் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலரிடம் கேட்டார். 1855இல் எந்தச் சேவகனிடமும் கேட்கப்படாத கேள்விக்குக் கிட்டத்தட்ட சமமான கேள்வி அது. அந்த அம்மா லத்தியிலும் மேஜையிலும் இருந்த ரத்தத்தைப் பற்றிச் சொன்னார். சொன்னதன் கீழே கையெழுத்துப் போட அவர் பயந்துகொண்டு தயங்கினார் என்றும், பிறகே போட்டார் என்றும் நடுவரின் அறிக்கையில் இருக்கிறது.