உணவுக் கிடங்குகளில் பூச்சி, எலிக் கண்காணிப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

உணவுப் பொருளைச் சேமிக்கும், அரைக்கும், சமைக்கும், பொட்டலம் கட்டும் இடங்களில் வண்டு, அந்துப்பூச்சி, கரப்பான், ஈ, எலி முதலியவை நுழைந்திருக்கின்றனவா என்று தேடிப் பார்த்து, எண்ணி, எழுதி வைப்பது கண்காணிப்பு. அந்தக் கணக்கை வைத்து அவற்றைத் தடுப்பதும் ஒழிப்பதும் கட்டுப்பாடு. மாதம் ஒருமுறை ஆள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போவதையே கட்டுப்பாடு என்று நினைக்கும் பழக்கம் பல ஆலைகளிலும் உணவகங்களிலும் இன்னும் இருக்கிறது. எங்கே, எது, எத்தனை என்று தெரியாமல் அடிக்கும் மருந்து பூச்சியைவிட உணவைத்தான் அதிகம் கெடுக்கும்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆனால் இரண்டுக்கும் கிழக்கே தமிழ்நாடு. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கிக்கும் அரிசி, பருப்பு, காய்கறி, பால் போகின்றன. மலையிலிருந்து ஏலக்காயும் மிளகும் போடிநாயக்கனூருக்கு இறங்குகின்றன. சாக்கோடு வண்டும் வரும். மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறை பாலைச் சோதிக்கிறது. ஆனால் சாக்குத் தையலின் மடிப்பில் ஒளிந்திருக்கும் வண்டைப் பார்க்க வேண்டியவர் சரக்கு இறக்கும் இடத்தில் நிற்பவர்தான். பழைய சாக்கை உதறி வெயிலில் காயப்போடாமல் மறுபடி நிரப்பினால் போன வருடத்து வண்டு இந்த வருடத்து அரிசிக்குள் போய்விடும்.

கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப்படும் பாலக்காட்டில் நெல்லும் அரிசியும்தான் பெரிய சரக்கு. அரிசிக் கூன்வண்டு, தானியத் துளைப்பான், நெல் அந்துப்பூச்சி, உடைந்த அரிசியிலும் தவிட்டிலும் பெருகும் சிவப்பு மாவு வண்டு ஆகியவை இங்கே முக்கியமானவை. கூன்வண்டு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், கரும்பழுப்பு நிறம், முகம் தும்பிக்கை போல் நீண்டிருக்கும், இறக்கை உறையில் நான்கு வெளிறிய புள்ளிகள். பெண் வண்டு தானியத்தில் குழி பறித்து முட்டையிட்டு அதை மூடிவிடுகிறது. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் துளையிட்டு வெளியே வருகிறது. ஆகவே மூட்டை மேல் ஒரு வண்டு ஊர்வதைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அரிசிக்குள் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவ மழையின் ஈரம் வண்டு பெருகத் துணை. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெருக்கம் குறையும். தரையிலிருந்து உயர்த்தி மரத்தால் செய்த பழைய பத்தாயத்துக்கும், அதில் போட்ட வேப்பிலைக்கும் நொச்சிக்கும் பின்னால் இந்த அறிவுதான் இருந்தது.

ஒளிந்திருப்பதை முன்கூட்டியே அறியும் கருவிகள் வாளையாருக்கு அப்பால், பக்கத்துக் கோயம்புத்தூரிலேயே உருவாயின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் எஸ். மோகன் வடிவமைத்த குழல் பொறி அவற்றுள் ஒன்று. சுமார் 2 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட குழலைத் தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றிடம் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து, கூம்பு வழியாகக் கீழே உள்ள குப்பிக்குள் விழுந்துவிடும். வழுக்கும் சுவரில் அதனால் திரும்ப ஏற முடியாது. குழலை உருவி, குப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்தால் எத்தனை, என்ன வகை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரை வேண்டாம், மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கிடங்குக்கு ஏற்ற 4 வாட் புறஊதா விளக்குப் பொறியும் அதே பல்கலைக்கழகத்தினுடையது.

இடுக்கியில் ஏலக்காய்க்குத் தோட்டத்தில் இலைப்பேனும் காய் துளைப்பானும் எதிரி என்றால், உலர்த்திய பின் எதிரி சிகரெட் வண்டு. புகையிலையையும் தாக்குவதால் அந்தப் பெயர். மிளகாய், மல்லி, மஞ்சள் எதையும் அது விடாது. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், தலையைக் கீழே மடித்த கூன் உடல். ஏலக்காய்த் தோலில் ஊசி குத்தியது போன்ற துளையும், பையின் அடியில் மெல்லிய தூளும் கண்டால் அதன் வேலை. காயைப் பத்து சதவீத ஈரப்பதம் வரை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்த்தி, கறுப்பு பாலிதீன் உள்ளுறை போட்ட சாக்கில் கட்டி, மரப்பெட்டியில் வைப்பது பச்சை நிறத்தைக் காக்கும் முறை. ஈரமும் பூச்சியும் அண்டாமல் இருப்பது அதனால் வரும் இன்னொரு நன்மை.

எலிக்கு வேறு கணக்கு. 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் சுண்டெலி நுழையும். கதவின் அடியில் பேனா நுழைகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. மூட்டை அட்டியைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஆள் நடக்கும் அளவு இடம் விட்டால்தான் புழுக்கையும், சுவரோரம் உடல் உரசிய எண்ணெய்க் கறையும் கண்ணில் படும். விஷ இரையைக் கட்டடத்துக்கு வெளியே பூட்டிய பெட்டிகளில் வைக்க வேண்டும். உள்ளே பொறி மட்டுமே. 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் பரவிய எலிக்காய்ச்சலை நினைத்தால், எலிச் சிறுநீர் பட்ட சாக்கைத் தூக்கும் சுமைத் தொழிலாளியின் உயிரும் இதில் அடங்கியிருப்பது புரியும்.

ஈக்களுக்கான விளக்குப் பொறியை வாசலை நோக்கியோ சமையல் மேசைக்கு மேலோ மாட்டக் கூடாது. மின்சாரத்தில் பொரிக்கும் வகையில் ஈயின் துண்டுகள் தெறிக்கும்; உணவு அருகே பசை அட்டை வகையே சரி. குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருடத்தில் அதன் புறஊதாக் கதிர் மங்கிவிடுகிறது.

வண்டு பெருகிவிட்டால் கடைசி வழி மூட்டம் போடுதல். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாகிறது. 3 கிராம் மாத்திரை 1 கிராம் வாயு தரும். அட்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடி, விளிம்பில் மணல் பைகளை வைத்து, சுமார் ஒரு வாரம் விட வேண்டும். உறையில் ஓட்டை இருந்தாலோ அவசரமாகப் பிரித்தாலோ சாகாமல் தப்பிய வண்டுகள் மருந்தைத் தாங்கும் சந்ததியைப் பெருக்கும். பாஸ்பீனைத் தாங்கும் வண்டுகளை 1970களின் தொடக்கத்திலேயே ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உலகக் கணக்கெடுப்பு கண்டது. இந்த வாயுவின் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர் மட்டுமே தொட வேண்டிய பொருள் இது. வீட்டு அரிசிப் பானையில் போடுவது கொலைக்குச் சமம். கிடங்குகளில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட டைகுளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது.

மருந்தின் எச்சம் என்ன செய்யும் என்பதைக் கேரளம் கண்டிருக்கிறது. சபரிமலைக் கோயில் பிரசாதமான அரவணையில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக வந்த ஆய்வறிக்கையின் பேரில், 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. பின்னர் அரவணை உண்ணத் தக்கது என்று சோதனை சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024இல் உயர் நீதிமன்றத்தின் ஆணையை ரத்து செய்தது. ஆனாலும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் வீணாயின.

உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டம் 2006இன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, பூச்சி, எலிக் கட்டுப்பாட்டை உணவுத் தொழில் நடத்துவோர் அனைவருக்கும் கடமையாக்குகிறது. பொறிகளின் இடத்தைக் காட்டும் வரைபடமும் எண்ணிக்கைப் பதிவேடும் நல்ல நிறுவனத்தின் அடையாளம். பொறியில் ஒன்றும் விழாத நாளிலும் பதிவேட்டில் அந்த நாளின் கட்டத்தைக் காலியாக விடாமல் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். வெற்றுக் கட்டம், பொறியை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்படும்.