உயிர்ச்சத்து டி மிகைப்பு

உயிர்ச்சத்து டி மிகைப்பு என்பது இவ்வுயிர்ச்சத்தைக் கொண்ட உணவுக் குறைநிரப்பிகளை அளவுக்கு மீறி உட்கொள்வதால் குருதியில் கால்சியம் கூடும் நிலையாகும். வெயிலால் இது ஏற்படுவதில்லை. தோலில் தேவைக்கு மேல் உருவாவதை ஒளியே சிதைத்துவிடுகிறது. மாத்திரைக்கு அத்தகைய தடை இல்லை. கொழுப்பில் கரையும் பொருளாதலால் மிகுதி எளிதில் வெளியேறாமல் உடலில் தங்குகிறது. மாத்திரையை நிறுத்திய பின்னும் விளைவு பல வாரங்கள் நீடிக்கலாம்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், மிகுதாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியன அறிகுறிகள். கவனிக்காவிடின் சிறுநீரகம் பழுதுறும்.

வளர்ந்தோருக்கான நாளொன்றின் மேல்வரம்பாக அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2010இல் 4,000 அனைத்துலக அலகுகளை (100 மைக்ரோகிராம்) வரையறுத்தது. இந்தியாவில் குறைபாட்டுக்குத் தரப்படும் 60,000 அலகு மாத்திரை பொதுவாக வாரத்துக்கு ஒன்றே. அதை நாள்தோறும் விழுங்கினால் மேல்வரம்பின் 15 மடங்கு உடலிற் சேரும். மருந்துச்சீட்டைப் பிறழப் படித்ததால் நேர்ந்த இத்தகைய பிழைகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தயசைடு வகைச் சிறுநீர்பெருக்கிகள் கால்சியம் வெளியேறுவதைக் குறைப்பதால், அவற்றை உட்கொள்வோர் மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.