ஷெனோன்சோ மாளிகை

பிரான்சின் லுவார் வட்டாரத்தில், தூர் நகருக்குக் கிழக்கே, ஷேர் ஆற்றுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் மாளிகை. இதைக் கட்டியவர்களும் காத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் ‘பெண்களின் மாளிகை’ என்பார்கள்.

மார்க் குடும்பத்தின் பழைய கோட்டையும் தண்ணீர் ஆலையும் இருந்த பண்ணையை, அரசரின் நிதி அதிகாரியான தோமா போயே 1513இல் வாங்கினார். கோட்டையில் வட்டக் கோபுரம் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதை இடித்தார். ஆற்றில் ஆலையைத் தாங்கிய தூண்களின் மேல் புது மாளிகை எழுந்தது. அவர் அடிக்கடி இத்தாலிக்குப் போய்விட, வேலையை நின்று நடத்தியவர் மனைவி கத்ரீன் பிரிசோனே. இருவரும் இறந்தபின், தந்தை வைத்த கடனுக்காக மகன் 1535இல் மாளிகையை அரசரிடம் ஒப்படைக்க நேர்ந்தது.

1547இல் இரண்டாம் ஹென்றி இதைத் தன் காதலி டயான் த புவாத்தியேவுக்குக் கொடுத்தார். வெள்ளம் ஏறாதபடி கரையை உயர்த்தி டயான் தோட்டம் போட்டார். கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் த லோர்மைக் கொண்டு எதிர்க்கரை வரை பாலமும் கட்டினார். 1559இல் மன்னர் இறந்ததும், அரசி காத்தரீன் த மெடிசி ஷோமோன் மாளிகையை மாற்றாகத் தந்து இதைப் பறித்துக்கொண்டார். ஆனால் டயானின் பாலத்தை அவர் இடிக்கவில்லை. அதன் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். இன்று நாம் காணும் அழகு, ஒருவரையொருவர் வெறுத்த இந்த இருவரும் சேர்ந்து தந்தது.

காத்தரீனின் மருமகள் லூயீஸ், கணவர் மூன்றாம் ஹென்றி 1589இல் கொல்லப்பட்டபின், வெண்ணிற உடையில் இங்கே துக்கம் காத்தார். அவர் அறையின் சுவர்களுக்குக் கறுப்பு பூசப்பட்டது.

1733இல் மாளிகை துப்பேன் குடும்பத்தின் கைக்கு வந்தது. அக்குடும்பத் தலைவி லூயீஸ் துப்பேனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். வோல்த்தேர், மோந்தெஸ்கியூ போன்ற சிந்தனையாளர்கள் அவர் விருந்தினர்; ரூசோ அவருடைய செயலாளர். பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை உண்டு என்று வாதாடும் பெரிய நூலை அவர் சொல்லச் சொல்ல, எழுதிக் கொடுத்தவர் ரூசோ. அந்நூல் அம்மையாரின் காலத்தில் அச்சேறவே இல்லை. இதற்கு நேர்மாறாகப் பெண் கல்வி பற்றிப் பின்னாளில் ரூசோ எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு இது உறுத்தும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் எத்தனையோ மாளிகைகள் சூறையாடப்பட்டன. ஊராரின் மதிப்பைப் பெற்றிருந்த இந்த அம்மையாரின் வீடு தப்பியது. அக்கம்பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லாததும் காரணம் என்பார்கள். 1799இல், 93 வயதில் இங்கேயே இறந்த அவரது கல்லறை எதிர்க்கரைக் காட்டில் இருக்கிறது.

1913 முதல் மாளிகை, சாக்லேட் தொழிலால் செல்வம் சேர்த்த மெனியே குடும்பத்துடையது. முதல் உலகப் போரில் அவர்கள் தங்கள் செலவிலேயே ஆற்றுக் கூடத்தை மருத்துவமனையாக்கினார்கள். 2,254 போர்வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றனர். 1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கூறுபோட்டபோது, இவ்விடத்தில் ஷேர் ஆறே எல்லையாயிற்று. முன்வாசல் ஆக்கிரமிப்புப் பகுதியில் இருந்தது. கூடத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் சுதந்திரப் பகுதி. அந்தக் கதவு வழியே பலர் தப்பிச் சென்றார்கள்.