'கிளாஸ்ல போரடிக்குது'ன்னு சொல்ற குட்டி ஜீனியஸ் உங்க வீட்டுல இருக்காங்களா?

அடுத்த வருஷப் புத்தகத்தை இப்பவே முடிச்சுட்டு, 'கிளாஸ்ல போரடிக்குது'ன்னு சொல்ற தம்பியோ தங்கச்சியோ உங்க வீட்டுல உண்டா? அதைத் திமிர்னு எடுத்துக்க வேண்டாம். ரேங்க் கார்டை மட்டும் வெச்சும் அளக்க வேண்டாம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு, ஸ்காலர்ஷிப்பையே இழந்தவர்தான் ராமானுஜன்.

அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் முதலில் என்.எம்.எம்.எஸ் தேர்வு. எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும், விட்டால் போச்சு! பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12-ம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். மனத்திறன் தாளும் உண்டு, அதற்கு மனப்பாடம் கைகொடுக்காது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். அதனால், போனும் கையுமா இருக்கிற நீங்கதான் அறிவிப்பைப் பார்த்து ஹெச்.எம்-மிடம் போய்க் கேட்கணும். 'அப்பாவுக்கு லீவு கிடைக்கட்டும்'னு காத்திருந்தா, வருமானச் சான்றிதழ் வாங்குறதுக்குள்ள கடைசித் தேதி ஓடிடும்.

அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு இருக்கு. தேர்வானால் டிகிரி முடிக்கும்வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய். கிராமப்புறத்தில் ஒன்பதாவது படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு. தொகை வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான், ஆனாலும் எழுதவைங்க.

சரி, பணம் வந்துடும். போரடிக்குதே, அதுக்கு?

கணக்குப் பைத்தியம் என்றால் ஐ.ஓ.க்யூ.எம். கணித ஒலிம்பியாடின் முதல் படி இது, எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். பள்ளிகளில் தனியார் நிறுவனங்கள் நடத்தும் 'ஒலிம்பியாட்'கள் வேறு, குழப்பிக்காதீங்க. மும்பை ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் பழைய ஒலிம்பியாட் வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். ஒரே கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாலும் தொந்தரவு பண்ணாதீங்க. அந்தக் குழந்தைக்குத் தேவையே அதுதான்.

'டபுள் புரமோஷன் போடலாமா, பள்ளியை விட்டு நிறுத்திடலாமா'ன்னு சொந்தக்காரங்க கிளப்பிவிடுவாங்க. செஸ் சாம்பியன் குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை, உண்மைதான். ஆனா, கூடவே பயணிக்க டாக்டரான அவருடைய அப்பா தன் பிராக்டிஸையே நிறுத்தினார். எத்தனை வீட்டில் அது முடியும்? அவசரம் வேண்டாம். பள்ளி நிஜமாகவே ஒத்துவரவில்லை என்றால், 14 வயது நிறைந்தவர்கள் என்.ஐ.ஓ.எஸ் வழியாக வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம்.